உரிமையும் பறையும்: மட்டக்களப்பு வாவிக்கரை வணிகத்தில் விளம்பரக் கடப்பாடு

ஒரு கடையின் முகப்பிலே தொங்கும் பெயர்ப்பலகை யாருக்கு உரியது? அதற்குச் செலவிட்டவர் யார்? அதில் எழுதப்பட்டிருக்கும் பெயரால் நன்மை அடைபவர் யார்? நோக்குமிடத்து இவை மூன்றும் ஒரே வினாவின் வெவ்வேறு வடிவங்கள் போலத் தோன்றும். ஆயினும் வணிக வரலாற்றிலே இம்மூன்று வினாக்களுக்கும் ஒரே விடை கிடைத்த காலங்கள் மிகக் குறைவு. பலகைக்குப் பணம் கொடுத்தவர் ஒருவராகவும், பலகையிற் பெயர் பெற்றவர் மற்றொருவராகவும், பயன் கொண்டவர் மூன்றாமவராகவும் இருந்தமையே பெரும்பான்மை வழக்காகும். இவ்வுண்மையை மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த நிலப்பரப்பின் வரலாற்றினூடாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு இன்று ஒரு தேவை உண்டு. பிறருடைய பெயரையும் வணிகச் சின்னத்தையும் விற்பனை முறையையும் உடன்படிக்கையின் மூலம் பெற்று, தமது முதலைக்கொண்டு கடை நடத்தும் வழக்கம் உலகெங்கும் பரவியுள்ளது. மேல்நாட்டார் இதனைப் பிராஞ்சைஸ் என்பர். இக்கட்டுரையில் இது பெயருரிமை வணிகம் எனவும், இவ்வாறு நடத்தப்படும் கடை பெயருரிமைக் கடை எனவும் குறிக்கப்படும். இத்தகைய உடன்படிக்கைகளில் பொதுவாகக் காணப்படும் விதிகளுள் ஒன்று, கடைக்காரர் தமது விற்பனையில் ஒரு பங்கைத் தமது ஊரிலே விளம்பரத்துக்காகச் செலவிட வேண்டும் என்பதாகும். சிறியதாகத் தோன்றும் இவ்விதியினுள் உரிமை, கடமை, மொழி, இடம் ஆகிய நான்கும் அடங்கியுள்ளன. அவற்றை விளங்கிக்கொள்வதற்கு நாம் வாவிக்கரையின் பழைய வழக்குகளிலிருந்து தொடங்குதல் பொருத்தமானது.

திருவிழாவும் பறையும்

சுமார் 56 கிலோமீற்றர் நீளமுடைய மட்டக்களப்பு வாவி, அந்நிலப்பரப்பை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாகப் பிரிக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட கிழக்குக் கரை மக்கள் நெருங்கி வாழும் பகுதி. மேற்குக் கரை வயலும் குளமும் நிறைந்த பகுதி. இவ்விரு கரையிலும் வாழ்ந்த மக்களின் சமூக அமைப்பு தாய்வழிக் குடி முறையை அடிப்படையாகக் கொண்டது. 1962இல் எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும், 1964இல் வெளிவந்த வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகமும் இவ்வமைப்பை அறிய விரும்புவோர்க்கு இன்றும் உதவும் நூல்களாகும்.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் ஆலயம், மண்டூர்க் கந்தசுவாமி ஆலயம், திருக்கோவிற் சித்திரவேலாயுத சுவாமி ஆலயம் முதலியவை தேசத்துக் கோயில்கள் எனச் சிறப்பித்துக் கூறப்படுவன. இத்தகைய கோயில்களின் திருவிழா நாட்கள் குடிகளுக்கும் ஊர்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டிருந்தன. ஒரு நாளின் உரிமையைப் பெற்றவர்கள் அந்நாளின் செலவையும் ஏற்றனர். செலவை ஏற்றமையால் அந்நாளுக்குரிய வரிசையையும் மரியாதையையும் பெற்றனர். முஸ்லிம் மக்களிடையேயும் குடிவழி மரைக்காயர்கள் பள்ளிவாசல் நிருவாகத்திற் பங்குபெறும் வழக்கம் இருந்தது. இங்கே கவனிக்கத்தக்கது யாதெனில், கடமையும் உரிமையும் பெருமையும் ஒரே கையிற் சேர்ந்திருந்தமையேயாகும். கோயிலின் பெயர் முழுத் தேசத்துக்கும் பொதுவானது. ஆனால் அப்பெயர் விளங்குவதற்குத் தன் பங்கைச் செலுத்திய குடியின் பெயர் அதனுள் மறைந்துபோகவில்லை.

ஆயினும் இப்பழைய முறையை ஒரேயடியாகப் போற்றுதல் வரலாற்று நேர்மையாகாது. செய்தியை ஊருக்கு அறிவித்தவர்கள் யாவர் என்ற வினாவை எழுப்பினால் வேறொரு காட்சி தோன்றும். அச்சுத்தாளும் ஒலிபெருக்கியும் இல்லாத காலத்திற் பறையே விளம்பரச் சாதனம். அப்பறையை அறைந்தவர்கள் சாதிப் படிநிலையிற் கீழே வைக்கப்பட்டவர்கள். அவர்கள் அறிவித்தது பிறருடைய செய்தி; பெருமை சேர்த்தது பிறருடைய பெயருக்கு. அச்செய்தியின் வாசகத்தைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. அவர்களது கலையும் உழைப்பும் இன்றியமையாதனவாக இருந்தும், அவற்றுக்குரிய மதிப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை.

எனவே வாவிக்கரையின் பழைய சமூகத்திலே விளம்பரத்துக்கு இரு முன்மாதிரிகள் இருந்தன எனலாம். ஒன்று, செலவை ஏற்றுச் சிறப்பையும் பெறும் உபயகாரர் நிலை. மற்றொன்று, சுமையை மட்டும் ஏற்று, பிறர் பெயரை முழக்கும் நிலை. இன்றைய பெயருரிமைக் கடைக்காரர் இவ்விரண்டில் எந்நிலையிலுள்ளார் என்பதே இக்கட்டுரையின் மையவினா. பறையறைந்து அறிவிக்கும் முறை சட்ட வழக்கிலிருந்து இன்னும் முற்றாக மறையவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. காணிப் பிரிவிடல் பற்றிய 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், நில அளவை நடைபெறும் நாளைப் பறையடித்து வாய்மொழியாக அறிவித்தலை ஒரு முறையாக ஏற்றுள்ளது.

குத்தகைக் காலம்

1638இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றினர். அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர் ஆட்சி வந்தது. புளியந்தீவிலுள்ள அக்கோட்டையே பின்னர் கச்சேரியின் இருப்பிடமாயிற்று. ஆங்கிலேயர் ஆட்சியில் அரசாங்கம் பல வருவாய்களைத் தானே திரட்டாமல், ஏலத்திற் குத்தகைக்கு விட்டது. நெல்வரி, சாராய விற்பனை ஆகியன அவற்றுள் முதன்மையானவை. நெல்வரி 1892இல் ஒழிக்கப்பட்டது. சாராயக் குத்தகை முறையோ 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தோடு மாற்றமடைந்தது.

சாராயக் குத்தகைக்காரரை இன்றைய பெயருரிமைக் கடைக்காரரின் முன்னோடியாகக் கொள்ளுதல் முற்றிலும் பொருந்தாவிடினும், ஒப்புநோக்கிற்கு அது பயன்தரும். குத்தகைக்காரரும் பிறருடைய உரிமையை, அதாவது அரசின் உரிமையை, ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்புக்கும் குறிப்பிட்ட காலத்துக்கும் பணம் கொடுத்துப் பெற்றவரே. அவரும் கீழ்க்குத்தகைக்காரரையும் தவறணை நடத்துவோரையும் அமர்த்திப் பயன்பெற்றார். இலங்கையின் புதிய செல்வந்தர் வகுப்பின் தோற்றத்திற் சாராயக் குத்தகை பெற்ற பங்கினைக் குமாரி ஜயவர்தன விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. குத்தகைக்காரருக்குக் கிடைத்தது ஏகபோகம். அவரது எல்லைக்குள் வேறொருவர் சட்டப்படி விற்க இயலாது. ஆகையால் அவர் விளம்பரம் செய்ய வேண்டிய தேவை சிறிது. குத்தகைப் பணத்தைத் தவணை தவறாது செலுத்துவதே அவரது கடப்பாடு. அரசாங்கமும் தனது ஏலத்தை அறிவிக்கும் பொறுப்பைத் தானே ஏற்றது. 1802இல் தொடங்கிய அரசாங்க வர்த்தமானி அதற்குப் பயன்பட்டது.

இதிலிருந்து ஒரு பொதுவிதியை நாம் வகுத்துக்கொள்ளலாம். உரிமை எவ்வளவு முழுமையானதோ, விளம்பரக் கடப்பாடு அவ்வளவு குறைவு. உரிமை எவ்வளவு பங்குபோடப்பட்டதோ, விளம்பரக் கடப்பாடு அவ்வளவு அதிகம். சாராய விற்பனையைப் பொறுத்தவரை வரலாறு பின்னர் எதிர்த்திசையிற் சென்றமையும் சிந்திக்கத்தக்கது. மது ஒழிப்பு இயக்கத்தின் விளைவாகத் தவறணை வேண்டுமா வேண்டாமா என்பதை ஊர்மக்களே வாக்களித்துத் தீர்மானிக்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏற்பட்டது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மதுவுக்கும் புகையிலைக்கும் விளம்பரம் செய்தலையே தடைசெய்தது. ஆகவே விளம்பரம் என்பது வணிகரின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று; சமூகமும் அரசும் அதனைக் கட்டாயமாக்கலாம், கட்டுப்படுத்தலாம், தடுக்கவும் செய்யலாம்.

முகவர்களும் தகரப் பலகைகளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் 1851இல் தோன்றிய சிங்கர் தையல் இயந்திரக் கம்பனி, குறிப்பிட்ட பிரதேசங்களில் விற்கும் உரிமையை முகவர்களுக்கு அளித்த தொடக்ககால நிறுவனங்களுள் ஒன்றாகும். அது 1877இலேயே கொழும்பிற் காலூன்றியது. 1899இல் கொக்கா கோலாக் கம்பனி தனது பானத்தைப் போத்தலில் அடைக்கும் உரிமையை ஒரு டொலர் விலைக்கு இரு வழக்கறிஞர்களுக்கு அளித்தமை பெயருரிமை வணிகத்தின் வரலாற்றில் அடிக்கடி எடுத்துக் கூறப்படும் நிகழ்ச்சியாகும். பொருளைச் செய்பவர் ஒருவர், விற்பவர் மற்றொருவர், பெயர் முன்னவருடையது, ஊர்மக்களின் அறிமுகம் பின்னவருடையது என்ற பகுப்பு இவ்வாறு உருவாயிற்று.

இப்பகுப்பு வாவிக்கரையை அடைவதற்குப் போக்குவரத்து வழிவகுத்தது. 1920களிற் கல்லடியில் லேடி மனிங் பாலம் அமைந்தது. 1928இற் புகையிரதம் மட்டக்களப்பை அடைந்தது. அதுவரை கடல்வழியாகவும் வண்டிப்பாதை வழியாகவும் மெல்ல வந்த பண்டங்கள் இப்போது பெயரோடும் சின்னத்தோடும் விரைந்து வந்தன. தேயிலை, சவர்க்காரம், தீப்பெட்டி, மண்ணெண்ணெய் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேட்கும் பழக்கம் இவ்வாறே ஊர்களிற் பரவியது. கடைச் சுவர்களில் அறையப்பட்ட தகரப் பலகைகளைக் கம்பனிகளே அனுப்பின. சுவர் கடைக்காரருடையது, பலகை கம்பனியுடையது. சுவருக்கு வாடகை கேட்கும் எண்ணம் யாருக்கும் எழவில்லை. பலகை கடைக்கு அழகும் நம்பிக்கையும் தந்ததாகவே கருதப்பட்டது.

1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் தோன்றியபின் அச்சு விளம்பரம் தமிழிற் பெருகியது. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கியது. இங்கே ஒரு முக்கியமான உண்மையை வற்புறுத்த வேண்டும். இக்காலத்தில் விளம்பரத்திற் பெரும்பகுதி கம்பனியின் செலவிலே நடந்தது; அவ்விளம்பரம் தமிழிலும் அமைந்தது. முகவர் தமது ஊரிலே வாய்ச்சொல்லாலும், கடன்கொடுத்தும், நல்லது கெட்டதிற் பங்குகொண்டும் நற்பெயரைத் தேடினார். இதுவும் விளம்பரமே. ஆயினும் இதனை எந்த உடன்படிக்கையும் கணக்கிற் கொள்ளவில்லை.

விலைப்பட்டியல் என்னும் கடமை

1942 ஏப்பிரல் 9ஆந் திகதி ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. அதற்கு முந்திய மாதம் இரங்கூன் வீழ்ந்தமையால் பர்மா அரிசியின் வரவு நின்றது. பங்கீடு இறுக்கமாயிற்று, பண்டங்களைப் பகிர்ந்தளிப்பதற்கெனக் கூட்டுறவுப் பண்டகசாலைகள் நாடெங்கும் பெருந்தொகையாகத் தோன்றின. சங்கக்கடை என்ற சொல் கிழக்கிலங்கை மக்களின் அன்றாட வழக்கில் நிலைபெற்றது. 1949இற் கூட்டுறவு மொத்த விற்பனை நிலையம் சட்டத்தின்மூலம் நிறுவப்பட்டது. 1957இலிருந்து பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாயின.

சங்கக்கடையும் ஒரு பொதுப் பெயரின்கீழ் இயங்கிய உள்ளூர்க் கடையே. ஆனால் அதன் உரிமையாளர் அங்கத்தவர்களாகிய ஊர்மக்கள். அங்கே எழுதித் தொங்கவிடப்பட்ட பலகை புகழ்ச்சிப் பலகையன்று, விலைப்பலகை. இன்ன பண்டம், இன்ன விலை என்ற செய்தியே அதன் வாசகம். விலைகளைக் காட்சிப்படுத்தும் இக்கடமையை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இன்று எல்லா வணிகர்மீதும் விதித்துள்ளது. விளம்பரக் கடப்பாட்டின் வரலாற்றில் இது தனிச்சிறப்புடைய படியாகும். ஏனெனில் இங்கே கடமை பெயரின் சொந்தக்காரருக்கு அன்றி, வாங்குவோருக்குச் செய்யப்படுவதாகும். வாங்குவோர் வாசிக்கக்கூடிய மொழியில் இருந்தாலன்றி விலைப்பலகை பயன்படாது என்பதால், அதன் மொழியை ஊரே தீர்மானித்தது.

பெற்றோல் விற்பனையின் வரலாறு இதற்கு மாறான ஒரு பாடத்தைத் தரும். ஷெல், கல்டெக்ஸ், எஸ்ஸோ ஆகிய கம்பனிகளின் சின்னங்களைத் தாங்கிப் பல விற்பனை நிலையங்கள் இலங்கையில் இயங்கின. 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. 1962இற் கம்பனிகளின் சொத்துக்கள் சுவீகரிக்கப்படத் தொடங்கின. 1964 சனவரியில் விநியோகம் முழுமையாகக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. பின்னர் 2003இல் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனமும், 2023இற் சினோபெக் நிறுவனமும் நுழைந்தபோது பல நிலையங்களின் நிறமும் சின்னமும் மீண்டும் மாறின. பெயர் ஒரே நாளில் மாறக்கூடியது. ஊருக்கும் விற்பனையாளருக்கும் இடையிலான நம்பிக்கை அவ்வாறு மாறுவதன்று. பெயருக்காகச் செலவிடப்பட்ட பணம் பெயரோடு போய்விடும். எனவே தமது பணத்தாற் பிறர் பெயரை வளர்க்கும் வணிகர், அப்பெயர் தம்மைவிட்டு நீங்கும் நாளையும் எண்ணிப்பார்க்க வேண்டியவராவர்.

உடன்படிக்கையின் கணக்கு

1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டபின் பெயர்பெற்ற பண்டங்கள் நாட்டிற் குவிந்தன. கிழக்கில் நீடித்த போர் வணிகத்தின் இயல்பான வளர்ச்சியைத் தடுத்தது. 2009இற் போர் முடிவுற்ற பின்னர் கொழும்பையும் பிறநாடுகளையும் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் மட்டக்களப்பு நகரிலும், காத்தான்குடி, ஏறாவூர், களுவாஞ்சிக்குடி, கல்முனை ஆகிய இடங்களிலும் பெருகின. கடைத்தெருவில் நடப்போர் ஒரு காட்சியைக் காணத் தவறார்: பலகையின் பெரும்பகுதியை நிறுவனத்தின் பெயரும் நிறமும் நிரப்ப, கடைக்காரரின் பெயர் ஓரத்திற் சிறிய எழுத்தில் ஒதுங்கிக் கிடக்கும்.

முழுமையான பெயருரிமை உடன்படிக்கையிலே கடைக்காரர் செலுத்தவேண்டியவை பொதுவாக நான்கு வகைப்படும். முதலாவது, தொடக்கத்திற் கொடுக்கும் உரிமைப் பணம். இரண்டாவது, விற்பனையில் நூற்றுக்கு இவ்வளவு என மாதந்தோறும் செலுத்தும் பங்கு. மூன்றாவது, நாடு முழுவதற்குமான பொது விளம்பர நிதிக்குரிய பணம். நான்காவது, தமது ஊரில் தாமே செய்யவேண்டிய விளம்பரத்துக்கான ஆகக்குறைந்த செலவு. அமெரிக்காவில் மக்டொனால்ட்ஸ் உணவகங்களை நடத்துவோர் விற்பனையில் நூற்றுக்கு 4க்குக் குறையாத தொகையை விளம்பரத்துக்குச் செலவிடவேண்டும் என்பது உடன்படிக்கை விதி. சப்வே நிறுவனம் அங்கு 8 வீதத்தை உரிமைப் பங்காகவும் 4.5 வீதத்தை விளம்பரப் பங்காகவும் பெற்றுவந்தது.

இவ்விதிக்கு நியாயம் இல்லை எனக் கூறுதல் தவறு. ஒரு பெயரின்கீழ் பத்துக் கடைகள் இருக்கும்போது ஒன்பது கடைகள் விளம்பரத்துக்குச் செலவிட, பத்தாவது கடை ஒன்றுஞ் செலவிடாது பயனை மட்டும் அனுபவிக்க முடியும். அதைக் கண்ட மற்றவர்களும் கைவிட்டால் பெயரே மங்கிவிடும். ஒரு குடி தனது திருவிழா நாளைச் சிறப்பிக்கத் தவறினால் முழுத் திருவிழாவுக்கும் குறை நேர்வது போன்றதே இது. ஆகவே கடமையைக் கட்டாயமாக்குதல் தவறன்று. அதன் அளவும் முறையுமே ஆராய்தற்குரியன.

அளவை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு கடையின் மாத விற்பனை ரூபா 20,00,000 எனவும், மொத்த இலாபம் நூற்றுக்கு 15 எனவும் கொள்வோம். மொத்த இலாபம் ரூபா 3,00,000. உரிமைப் பங்கு நூற்றுக்கு 4 எனின் ரூபா 80,000. வாடகை, சம்பளம், மின்சாரம் ஆகியவற்றுக்கு ரூபா 1,20,000. எஞ்சுவது ரூபா 1,00,000. பொது விளம்பர நிதிக்கு நூற்றுக்கு 2உம் உள்ளூர் விளம்பரத்துக்கு நூற்றுக்கு 1உம் எனின் ரூபா 60,000 கழியும். கடைக்காரர் கையில் ரூபா 40,000 மிஞ்சும். விற்பனையில் நூற்றுக்கு மூன்றே என்று சொல்லப்பட்டது, உண்மையில் எஞ்சிய வருவாயில் நூற்றுக்கு அறுபதாகும். இனி, விற்பனை ரூபா 14,00,000 ஆகக் குறைந்த மாதத்தை நோக்குவோம். மொத்த இலாபம் ரூபா 2,10,000; உரிமைப் பங்கு ரூபா 56,000; நிலையான செலவு அதே ரூபா 1,20,000; எஞ்சுவது ரூபா 34,000. விளம்பரத்துக்கு ரூபா 42,000 வேண்டும். கடைக்காரர் ரூபா 8,000 கடன்படுகின்றார். நிறுவனமோ அம்மாதத்திலும் ரூபா 56,000 பெறுகின்றது. விற்பனையின்மீது விதிக்கப்படும் கடப்பாடு இலாபத்தைப் பாராது என்பதே இதன் பொருள். நெல்வரிக் குத்தகைக்காரர் விளைச்சலைப் பார்த்தார். விவசாயியின் கடனைப் பார்க்கவில்லை என்பதை இது நினைவூட்டும்.

உள்ளூர் அதிகார சபைகள் விளம்பரப் பலகைகளுக்கு அறவிடும் கட்டணமும் இதனோடு சேரும். பெயர் பிறருடையது; பலகைக் கட்டணமோ பெரும்பாலும் கடைக்காரருடையது.

எது உள்ளூர்?

உள்ளூர் விளம்பரம் என்ற சொற்றொடரில் உள்ளூர் என்பது யாது? நிறுவனங்கள் பெரும்பாலும் தேசப்படத்திலே கடையை மையமாக வைத்து ஒரு வட்டம் வரைந்து எல்லை வகுப்பர். வாவிக்கரையில் இம்முறை தடுமாறும். குருமண்வெளியில் நின்று பார்த்தால் மண்டூர் எதிர்க்கரையிலே தெரியும். ஆனால் இடையில் நீர் கிடக்கின்றது. மக்கள் நெடுங்காலமாகப் பாதையிலேறியே அக்கரை சென்றனர். பட்டிருப்புப் பாலத்தினூடாகச் செல்வோர் களுவாஞ்சிக்குடிக்கு வருவர். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதும் கொக்கட்டிச்சோலைப் பகுதி மக்களின் கொள்வனவுப் போக்கிற்குப் புதியதொரு வழி பிறந்தது. ஒரு பாலம் ஒரு கடையின் உள்ளூரை விரிக்கும். மற்றொரு கடையின் உள்ளூரைச் சுருக்கும். வட்டம் வரைந்தவர் இதனை அறியார். துறையடியில் நின்று வியாபாரம் செய்பவர் அறிவார்.

காலமும் அவ்வாறே. படுவான்கரையின் வாங்கும் ஆற்றல் பெரும்போக அறுவடையைப் பொறுத்தது. மாசி, பங்குனியில் நெல் விற்ற பணம் கையில் வரும். மார்கழி மழையிலும் வெள்ளத்திலும் பணப்புழக்கம் ஒடுங்கும். தலைநகரிலே வகுக்கப்படும் விளம்பரத் திட்டம் மார்கழிப் பண்டிகைக் காலத்துக்கென அமைந்தால், வாவிக்கரைக் கடைக்காரர் பணமில்லாத மாதத்திற் பணமில்லாத மக்களை நோக்கிக் கூவுபவராவார். மாமாங்கேசுவரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தம், நோன்புப் பெருநாள், ஊர்தோறும் நிகழும் ஆலயத் திருவிழாக்கள் ஆகியன மக்கள் கூடும் காலங்கள். இவற்றை அறிந்து செலவிடும் உரிமை கடைக்காரருக்கு இருந்தாலன்றி அவருக்கு விதிக்கப்பட்ட கடமை வீண்செலவாகும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மொழி. 1956இற் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாக்கப்பட்டது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆனால் இவ்வேற்பாடுகள் அரசின் கருமங்களைப் பற்றியவை. தனியார் நிறுவனத்தின் துண்டுப்பிரசுரத்தை அவை ஆள்வதில்லை. பிறமொழியில் ஆக்கப்பட்ட வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து அச்சிட்ட தமிழ், வாவிக்கரை மக்களின் செவிக்கு அந்நியமாக ஒலிக்கும். உடன்படிக்கை பெரும்பாலும் நிறுவனத்தின் முன் அனுமதி பெறாத எந்த வாசகத்தையும் வெளியிடக்கூடாது என்று விதிக்கும். பணம் கொடுப்பவர் தமது மக்களோடு தமது மொழியிற் பேசுவதற்கு, அம்மொழி அறியாதவரிடம் அனுமதி கேட்க நேரிடும் நிலை இதுவாகும். இந்த இடத்தில் உபயகாரர் நிலை மறைந்து, பிறர் வாசகத்தை முழக்கும் நிலை தோன்றுகின்றது.

பிறநாட்டுச் சட்டங்கள் காட்டும் வழி

அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 1978இல் வெளியிட்டு 1979இல் நடைமுறைக்கு வந்த விதிகள், உடன்படிக்கை செய்யுமுன்னரே கடைக்காரர் செலுத்தவேண்டியவற்றை வெளிப்படுத்துதல் வேண்டும் என்றன. தமிழர் பெருந்தொகையாக வாழும் மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் பெயருரிமைச் சட்டம் மேலும் ஒரு படி சென்றது. விளம்பரத்துக்கெனக் கடைக்காரரிடம் பணம் பெறும் நிறுவனம் அதற்கெனத் தனி நிதியமைத்து, தனிக் கணக்கில் வைத்து, அந்நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்தி, கணக்காய்வு செய்யப்பட்ட அறிக்கையைப் பதிவாளருக்குச் சமர்ப்பித்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் ஏற்பாடாகும். இலங்கையில் வணிகச் சின்னங்களைக் காக்கும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் உண்டு. அது பெயரின் சொந்தக்காரரைக் காக்கின்றது. பெயரைத் தமது பணத்தால் ஊரிலே நிலைநிறுத்தும் கடைக்காரரைக் காக்கும் தனிச்சட்டமோ இல்லை. அவர் நம்பியிருக்க வேண்டியது உடன்படிக்கையின் வாசகத்தையே.

எனவே அவ்வாசகத்தில் இடம்பெற வேண்டியவற்றை மேற்கூறிய வரலாற்றிலிருந்தே நாம் பெறலாம். செலவின் அளவு மந்தமான மாதங்களைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். பொது நிதியின் கணக்கு, செலுத்தியவர்களுக்குக் காட்டப்படுதல் வேண்டும். உள்ளூர் விளம்பரத்தின் காலமும் இடமும் மொழியும் கடைக்காரரின் தீர்மானத்துக்கு விடப்படுதல் வேண்டும்; சின்னத்தின் வடிவத்தை மட்டும் நிறுவனம் காத்துக்கொள்ளலாம். உடன்படிக்கை முடிவுறும்போது, ஊரிலே தேடிய நற்பெயருக்குக் கடைக்காரரின் பங்கு யாதென்பதும் முன்கூட்டியே வரையறுக்கப்படுதல் வேண்டும். தனித்து நிற்கும் கடைக்காரர் இவற்றைக் கேட்டுப் பெறுதல் அரிது. சங்கக்கடையை ஆக்கிய மக்களுக்குக் கூட்டாக நிற்றல் புதிய பாடமன்று.

தொகுத்து நோக்கின், விளம்பரக் கடப்பாடு புதுமையானதன்று. வாவிக்கரை மக்கள் அதனைப் பல வடிவங்களில் அறிந்திருந்தனர். கடமையோடு சொல்லுரிமையும் சிறப்பும் சேர்ந்திருந்தபோது அது திருவிழாவாயிற்று. சொல்லுரிமை பறிக்கப்பட்டபோது அது ஒரு மக்கட்கூட்டத்தின்மீது தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்ட பாரமாயிற்று. இன்று பளபளக்கும் பெயர்ப்பலகைகளின்கீழ் அமர்ந்திருக்கும் நம்மூர் வணிகர்களும், அவர்களது பிள்ளைகளாய்ப் பல்கலைக்கழகத்திற் சட்டமும் வணிகமும் கற்கும் மாணவரும், கையொப்பமிடுமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: நாம் ஏற்கும் இந்நாள் நமது திருவிழா நாளா, அன்றிப் பிறர் பெயருக்கு நாம் அறையும் பறையா?